நாடி முதல் கணிப்பொறி வரை

அரபு மொழியில் பித்துப் பிடித்தவனை 'மஜ்னூன்' என்பர். ஜீம், நூன், நூன் என்னும் மூன்றெழுத்துகளை வேராகக் கொண்ட சொல் அது. மறைத்தல், மூடுதல் என்பன அவ்வேரின் பொருள். கண்ணுக்குப் புலப்படாத 'ஜின்', தாயின் வயிற்றில் மறைந்திருக்கும் சிசுவாகிய 'ஜனீன்', மரங்கள் அடர்ந்து தரையை மூடிநிற்கும் தோட்டமாகிய 'ஜன்னத்' ஆகிய சொற்களெல்லாம் இவ்வொரு வேரிலிருந்து கிளைத்தவையே. அறிவு மூடப்பட்டவன் மஜ்னூன். தமிழிலோ 'பித்தன்' என்னும் சொல் பித்தம் என்னும் உடற்கூற்றிலிருந்து பிறந்திருக்கிறது. ஒரு மொழி இந்நோயை மறைவுப் பொருளாகக் கண்டது. மற்றொரு மொழி உடலின் கோளாறாகக் கண்டது. இரண்டிலும் உண்மை இருக்கிறது.

உடலின் நோயை அளப்பதற்கு நம்மிடம் கருவிகள் பல உண்டு. காய்ச்சலுக்கு வெப்பமானி இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு இரத்தச் சோதனை இருக்கிறது. மனத்தின் நோய்க்கு அத்தகைய அளவுகோல் எது? நோயாளி சொல்வதையும் அவர் நடந்துகொள்வதையும் தவிர மருத்துவருக்குப் பெரும்பாலும் வேறு சான்று இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டு எடைபோடும் வேலையை இன்று பொறிகள் மேற்கொண்டுள்ளன. கைப்பேசியில் ஒன்பது கேள்விகளுக்கு விடையைத் தொட்டுக் காட்டினால், மனச்சோர்வின் மதிப்பெண் நொடியில் வந்து நிற்கிறது. உலகம் இவ்விடத்திற்கு எவ்வழியே வந்து சேர்ந்தது, வரும் வழியில் பெற்றது எது, தவறவிட்டது எது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நாடியின்மேல் விரல்

மனத்திலுள்ளதை வெளிக்கொணரும் சோதனை நேற்று இன்று தோன்றியதன்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த மருத்துவர் காலன் (அரபியர் வழக்கில் ஜாலீனூஸ்) உறக்கமின்றி வாடிய ஒரு பெண்மணியின் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கூத்தனின் பெயர் அங்கே பேசப்பட்டபோது நாடி தடுமாறிற்று. மறுநாட்களில் வேறு கூத்தர்களின் பெயரைச் சொல்லச் செய்து பார்த்தார், நாடி அசையவில்லை. நோயின் காரணம் இன்னதென்று அவருக்கு விளங்கிற்று.

இதனை ஒரு முறையாகவே வகுத்தவர் இப்னு சீனா (980–1037). தமது 'கானூன்' என்னும் மருத்துவப் பெருநூலில், தலையைப் பற்றும் நோய்களின் வரிசையில் காதல் நோயையும் வைத்து அதற்குரிய சோதனையைக் கூறுகிறார். நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். எந்தப் பெயரில் நாடி மாறுகிறதோ அதைத் திரும்பச் சொல்லி உறுதிசெய்துகொள்ள வேண்டும். அவ்வாறே ஊர்கள், தெருக்கள், வீடுகள், தொழில்கள் ஆகியவற்றையும் சொல்லிக்கொண்டே போனால், யாரை நினைத்து அவர் உருகுகிறார் என்பது தெரிந்துவிடும். கேள்விகளுக்கு ஒரு வரிசை, விடைக்கு ஓர் அளவு, ஐயம் வந்தால் மறுசோதனை என்று இன்றைய சோதனைக்கூடத்தார் வேண்டுவனவெல்லாம் இதில் அடங்கியிருப்பதைக் காணலாம். அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. வேறு வழி பயன்படாதபோது, மார்க்கமும் சட்டமும் அனுமதிக்கும் முறையில் இருவரையும் சேர்த்துவைப்பதே மருந்து என்றும் எழுதினார். சோதித்தவரே சிகிச்சைக்கும் பொறுப்பேற்றார் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இக்கட்டுரையின் முடிவில் அது நமக்குத் தேவைப்படும்.

இப்னு சீனாவுக்கும் முற்பட்டவர் அபூ ஸைத் அல்பல்கீ (மறைவு 934). உடல்நலம், மனநலம் இரண்டையும் ஒரே நூலில் அடுத்தடுத்து வைத்து எழுதிய அவர், துயரத்தை இருவகையாகப் பிரித்தார். காரணம் தெரிந்த துயரம் ஒன்று. காரணம் ஏதுமின்றி வந்து கவியும் துயரம் மற்றொன்று. மகனை இழந்த தாயின் அழுகையையும், இழப்பேதுமின்றி எழுந்திருக்க மனமற்றுக் கிடப்பவரின் நோயையும் ஒன்றாகக் கருதலாகாது என்னும் தெளிவு அன்றே இருந்தது. எந்தச் சோதனையும் இறுதியில் பிரித்தறிய வேண்டியது இதைத்தான்.

போரும் வினாத்தாளும்

ஒரு மருத்துவர் ஒரு நோயாளியின் அருகில் அமர்ந்து நாடி பார்க்கலாம். இலட்சக்கணக்கானவர்களை ஒருங்கே சோதிக்க வேண்டுமானால் என்ன செய்வது? இக்கேள்வியை எழுப்பியது முதல் உலகப் போர். குண்டு வெடிப்பின் நடுவே நின்ற சிப்பாய்கள் பலர் உடலில் காயமின்றியே நடுங்கினர்; பேச்சிழந்தனர். அமெரிக்கா 1917இல் போரில் இறங்கியபோது, இத்தகைய பாதிப்புக்கு ஆளாகக் கூடியவர்களை முன்கூட்டியே அறிய விரும்பிற்று. கொலம்பியா பல்கலைக்கழகத்து இராபர்ட் உட்வர்த், மருத்துவர்கள் நேரில் கேட்கும் கேள்விகளைத் தொகுத்து, 'ஆம்', 'இல்லை' என்று விடையளிக்கத்தக்க 116 கேள்விகள் கொண்ட ஒரு தாளை உருவாக்கினார். அது பரவலான பயன்பாட்டுக்கு வருமுன் போர் முடிந்துவிட்டது. எனினும் கேட்பவர் இன்றியே கேள்வி கேட்கலாம் என்னும் வழி அத்தாளினால் திறந்தது.

அவ்வழியில் மிக நெடுந்தூரம் சென்றவர்கள் அமெரிக்காவின் மின்னெசொட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலறிஞர் ஸ்டார்க் ஹாத்தவேயும், நரம்பு மருத்துவர் மெக்கின்லியும் ஆவர். 1943இல் அவர்கள் வெளியிட்ட வினாநிரலை 'எம்.எம்.பி.ஐ.' என்னும் சுருக்கப் பெயரால் உலகம் அறியும். அதில் 550 கூற்றுகள் இருந்தன. ஒவ்வொன்றும் தமக்குப் பொருந்துமா பொருந்தாதா என்று நோயாளி குறிக்க வேண்டும்.

அவர்கள் கையாண்ட முறை புதுமையானது. எந்தக் கூற்று எந்த நோயைக் காட்டும் என்று அவர்கள் தாமாக முடிவுசெய்யவில்லை. மருத்துவமனையிலிருந்த நோயாளிகள் எவ்வாறு விடையளிக்கிறார்கள், நோயற்றவர்கள் எவ்வாறு விடையளிக்கிறார்கள் என்று ஒப்பிட்டார்கள். விடை மாறுபட்ட கூற்றுகளை மட்டும் எடுத்து அந்நோய்க்கு அளவுகோலாக்கினார்கள். காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் வேறுபாடு இருந்தால் போதும் என்பது அவர்கள் கொள்கை. இன்று 'இயந்திரக் கற்றல்' எனப்படும் முறையின் விதை இதிலேயே இருக்கிறது. பொறி பின்னால் வந்தது. பொறியின் சிந்தனைமுறை முன்னாலேயே வந்துவிட்டது.

நோயற்றவர்கள் என்று அவர்கள் கொண்டது யாரை? நோயாளிகளைப் பார்க்க மருத்துவமனைக்கு வந்த உறவினரும் நண்பருமான 724 பேரை. பெரும்பாலும் அவ்வட்டாரத்து வெள்ளையர்; சிற்றூர்களிலும் பண்ணைகளிலும் வாழ்ந்தவர்கள்; எட்டாம் வகுப்பளவே படித்தவர்கள். இந்த 724 பேரின் விடைகளே ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பல நாடுகளில் 'இயல்பான மனம்' என்பதற்கு அளவாக நின்றன. 1989இல்தான் அமெரிக்காவின் பல பகுதிகளிலிருந்து 2,600 பேரின் விடைகளைப் பெற்று அவ்வளவுகோலைப் புதுப்பித்தார்கள்.

பென்சில் கோட்டில் ஓடிய மின்சாரம்

550 விடைகளைத் திருத்துவது எளிதன்று. துளையிட்ட அட்டையை விடைத்தாளின்மேல் வைத்து, துளைவழியே தெரியும் குறிகளை எண்ண வேண்டும். ஒவ்வோர் அளவுகோலுக்கும் ஓர் அட்டை. தேர்வுக்காலத்தில் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே இரவைக் கழித்த நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கு அந்தச் சலிப்பு சொல்லாமலே விளங்கும். அச்சலிப்பைத் தீர்க்கும் பொறியைக் கண்டவரும் ஓர் ஆசிரியரே என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. மிச்சிகன் மாநிலத்தில் பள்ளியாசிரியராயிருந்த ரெனால்டு ஜான்சன், பென்சிலின் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதைப் பயன்படுத்தி, தாளில் எங்கே கோடு போடப்பட்டுள்ளது என்று கண்டறியும் கருவியொன்றை அமைத்தார். ஐ.பி.எம். நிறுவனம் அவரைத் தன்னிடம் சேர்த்துக்கொண்டு 1938இல் அப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

எண்ணுவது இவ்வாறு பொறியின் வேலையாயிற்று. எண்ணியதற்குப் பொருள் கூறுவதையும் பொறியிடம் ஒப்படைத்தது அதே மின்னெசொட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ மருத்துவமனை. அங்கு உடல் நோய்க்காக வருவோர் ஏராளம். அவர்களுள் மனத்துயரால் வருந்துவோரைக் கண்டறிய உளவியலார் மிகச் சிலரே. ஆகவே 1960களின் தொடக்கத்தில் அங்கிருந்த மருத்துவர்கள், நோயாளி அட்டையில் குறித்த விடைகளைக் கணிப்பொறி எண்ணி, அதற்கேற்ற சிறுசிறு வாக்கியங்களை அச்சிட்டுத் தருமாறு செய்தார்கள். 1962இல் அதுபற்றிய ஆய்வுரைகள் வெளியாயின. 1973இல் 50,000 நோயாளிகளின் விடைகளைத் தொகுத்து ஒரு நூலையே வெளியிட்டார்கள். ஒரு மருத்துவர் தம் வாழ்நாள் முழுவதும் கேட்டாலும் அத்தனை பேரின் விடைகளைக் கேட்டு முடிக்க இயலாது.

மருத்துவரா, சூத்திரமா?

இதற்கிடையே அறிஞர்களிடையே ஒரு வழக்கு மூண்டது. மின்னெசொட்டா பல்கலைக்கழகத்துப் பால் மீல் 1954இல் ஒரு சிறு நூல் எழுதினார். அனுபவமிக்க மருத்துவரின் கணிப்பையும், எண்களைக் கூட்டிக் கழிக்கும் சூத்திரத்தின் கணிப்பையும் ஒப்பிட்ட ஆய்வுகள் சுமார் இருபதை ஆராய்ந்து, ஏறக்குறைய எல்லாவற்றிலும் சூத்திரம் சமமாகவோ மேலாகவோ நின்றது என்று காட்டினார். 1965இல் லூயிஸ் கோல்டுபர்க் இன்னொரு சோதனை செய்தார். 861 நோயாளிகளின் எம்.எம்.பி.ஐ. முடிவுகளை 29 பேரிடம் கொடுத்து, நோய் கடுமையான மனச்சிதைவு வகையா, இலேசான வகையா என்று கேட்டார். சராசரியாக 62 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். ஐந்து எண்களைக் கூட்டிக் கழிக்கும் எளிய சூத்திரமோ 70 விழுக்காடு சரியாகச் சொல்லிற்று.

இதைப் படித்து மருத்துவரை இகழ வேண்டியதில்லை. மனிதன் களைப்படைகிறான்; காலையில் கண்ட நோயாளியின் நினைவு மாலையில் வருபவரைப் பார்க்கும்போது குறுக்கிடுகிறது. சூத்திரத்திற்குக் களைப்பு இல்லை. மேலும் மனிதரிடம் சொல்லக் கூசுவதைப் பொறியிடம் கூசாமல் சொல்வோர் உண்டு. 1977இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், குடிப்பழக்கத்தால் நோயுற்றவர்கள் தாம் குடித்த அளவை மருத்துவரிடம் குறைத்தும் கணிப்பொறியிடம் கூட்டியும் கூறியிருந்தனர். நாணம் தடுத்த உண்மையைப் பொறி வெளிக்கொணர்ந்தது. இதுவும் ஒரு நன்மையே.

ஆனால் அச்சடித்த தாளுக்கு ஒரு மயக்கும் ஆற்றலும் உண்டு. பெர்ட்ராம் போரர் என்னும் உளவியல் ஆசிரியர் தம் மாணவர் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, ஒவ்வொருவரிடமும் அவரவர் குணவிளக்கம் என்று ஒரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருத்தம் என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் உண்மை வெளிப்பட்டது: எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள்; அதிலிருந்த வாக்கியங்கள் கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை! 1949இல் அவர் எழுதிய இச்செய்தி, பின்னர் கணிப்பொறி அறிக்கைகளைப் பற்றி ஐயம் எழுப்பியவர்களுக்குச் சான்றாயிற்று. 1965 முதல் அமெரிக்காவில் விடைத்தாளை அஞ்சலில் அனுப்பினால் கணிப்பொறி எழுதிய அறிக்கை திரும்பி வரும் நிலை தோன்றியிருந்தது. இவ்வறிக்கைகள் போதிய பயிற்சி இல்லாதவர் கையில் சேர்வதன் ஆபத்தை ஜோசப் மாட்டராஸோ 1983இல் எடுத்துரைத்தார். 1986இல் அமெரிக்க உளவியல் சங்கம் இதற்கென நெறிமுறைகளை வகுத்தது.

குறுகிய வினா, கற்கும் பொறி

அதன்பின் வினாக்கள் சுருங்கின. 2001இல் வெளியான ஒன்பது கேள்விகள் கொண்ட வினாநிரல் இன்று உலகெங்கும் வழங்குகிறது. கடந்த இரண்டு வாரங்களில் உறக்கம், பசி, ஊக்கம், துயரம் முதலியவை எப்படியிருந்தன என்று அது கேட்கிறது. ஒவ்வொரு விடைக்கும் சுழி முதல் மூன்று வரை மதிப்பெண். மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவர் கவனிக்க வேண்டும். ஒன்பதாம் கேள்வி, உயிர் வாழ விருப்பமற்ற எண்ணம் எழுந்ததா என்பது.

மற்றொரு முறை இன்னும் நுட்பமானது. மதரஸாவில் வாய்மொழித் தேர்வு நடத்தும் உஸ்தாது எல்லா மாணவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. முதல் விடை சரியாயிருந்தால் அடுத்துக் கடினமானதைக் கேட்பார். தடுமாறினால் எளியதைக் கேட்பார். நாலைந்து கேள்விக்குள் மாணவனின் தரம் அவருக்குப் புலப்பட்டுவிடும். கணிப்பொறியும் அவ்வாறே விடைக்கேற்ப அடுத்த கேள்வியைத் தெரிந்தெடுக்குமாறு செய்தார்கள். 2012இல் சிக்காகோ பல்கலைக்கழகத்து இராபர்ட் கிப்பன்ஸ் குழுவினர் வெளியிட்ட மனச்சோர்வுச் சோதனையில் 389 கேள்விகள் சேமிப்பில் இருந்தன. அவற்றுள் ஒருவரிடம் சராசரியாகக் கேட்டது பன்னிரண்டே. முழுவதையும் கேட்டால் கிடைக்கும் முடிவுக்கு மிக நெருங்கிய முடிவு அதிலேயே கிடைத்தது.

இயந்திரக் கற்றல் இதற்கும் அடுத்த படி. பழைய நோயாளிகளின் பதிவேடுகளைப் பொறிக்குக் காட்டி, யார் பின்னர் இடருற்றார் என்பதையும் சொல்லிவிட்டால், இடருக்குமுன் தோன்றும் அடையாளங்களைப் பொறி தானே கண்டெடுக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரருக்கான மருத்துவத் துறை 2017இல் இம்முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மருத்துவமனையிலும் தற்கொலை இடர் மிகுந்த ஆயிரத்தில் ஒருவரைக் கணிப்பொறி மாதந்தோறும் குறித்துக் கொடுக்கும். அதன்பின் மருத்துவர் அவருடைய சிகிச்சையை மீளாய்ந்து, அவரைத் தேடிச்சென்று பேச வேண்டும். பொறியின் வேலை பெயரைச் சொல்வதோடு முடிகிறது. கதவைத் தட்டுவது மனிதரின் வேலை.

ஓர் எளிய கணக்கு

வாசகர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். ஆயிரம் பேரில் ஐம்பது பேருக்கு நோய் உண்டென்று வைத்துக்கொள்வோம். நோயுற்றவரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைச் சரியாகக் காட்டுவதும், நோயற்றவரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைச் சரியாக விட்டுவிடுவதுமான ஒரு நல்ல சோதனை நம்மிடம் இருக்கிறது. ஐம்பதில் 45 பேரை அது கண்டுபிடிக்கும், ஐவரைத் தவறவிடும். நோயற்ற 950 பேரில் 95 பேரையும் நோயாளி என்று காட்டும். ஆக, பொறி சுட்டிக்காட்டிய 140 பேரில் உண்மையான நோயாளிகள் 45 பேரே. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பொறி பொய் சொல்லவில்லை. அது முதற்சல்லடை மட்டுமே. சல்லடையில் தங்கியதையெல்லாம் அரிசி என்றெண்ணி உலையில் இடுபவர் யாருமில்லை. கல்லைப் பொறுக்க ஒரு கை வேண்டும். திருமணப் பேச்சிலும் வேலைவாய்ப்பிலும் 'மனநோயாளி' என்னும் சொல் என்ன செய்யும் என்பதை நம் குடும்பங்கள் அறியும். அந்த 95 பேரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி அளவுகோலைப் பற்றி ஒரு சொல். பொறி யாருடைய விடைகளைக் கற்றதோ அவர்களைக் கொண்டே மற்றவர்களை அளக்கும். 724 மின்னெசொட்டாக்காரரின் கதை நமக்கு உணர்த்துவது அதுவே. நம் வீட்டுப் பெண்கள் துயரத்தைத் துயரம் என்று சொல்வது அரிது. 'நெஞ்சு கனக்கிறது', 'தலை பாரமாயிருக்கிறது', 'கைகால் ஓய்ந்து வருகிறது' என்பார்கள். ஒன்பது கேள்விகளில் நெஞ்சின் கனத்தைக் கேட்கும் கேள்வி இல்லை. சொல்லை மொழிபெயர்த்தால் போதாது. துயரம் எந்தச் சொல்லில் வெளிப்படுகிறது என்பதை அந்தந்த மக்களிடமே கேட்டுச் சோதனையைச் செப்பனிட வேண்டும். அந்த வேலையை விரைவுபடுத்தப் பொறி உதவலாம். கேட்பதற்கு மனிதர் போக வேண்டும்.

சோதனையே இல்லாத இடத்தில் நேர்ந்ததையும் நாம் மறக்கலாகாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியுமுன், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய காப்பகமொன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர். துஆவை நாடி அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பெற்றோரும் உடன்பிறந்தோருமே. சங்கிலியைப் பூட்டுமுன் ஒரு மருத்துவர் அவர்களை அமர்த்தி, உறக்கம் எப்படி, பசி எப்படி என்று கேட்டிருந்தால் அவர்களுள் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள்! நோயாளியைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுத்துவிட்டது. ஆயினும் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் நடத்திய தேசிய ஆய்வின்படி, நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாதவர்களே. இத்தனை பெரிய குறையை மருத்துவர் மட்டும் நிரப்ப இயலாது. பொறியின் துணை தேவை என்பதை நாம் மறுக்கவில்லை.

நாம் கேட்பது ஒன்றே. இப்னு சீனாவின் விரல் நாடியின்மேல் இருந்தபோது, விடையைக் கேட்டவரே மருந்துக்கும் பொறுப்பேற்றார். இன்று ஒன்பதாம் கேள்விக்கு ஒரு மாணவன் நள்ளிரவில் 'ஆம்' என்று திரையைத் தொட்டால், மறுமுனையில் விழித்திருப்பவர் யார்? அங்கே ஒருவர் இருப்பாரானால் அச்சோதனை நன்மை. ஒருவரும் இல்லையெனில் அது துயரத்திற்கு மதிப்பெண் இட்டதோடு சரி. 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்னும் எண்ணில் அரசின் மனநலத் தொலைபேசி உதவி இயங்கிவருகிறது. அந்த எண்ணை வீட்டுச் சுவரில் நாட்காட்டியின் அருகே எழுதிவையுங்கள். அதைவிட முன்னதாக, வீட்டில் பேச்சுக் குறைந்து ஒதுங்கியிருக்கும் பிள்ளையின் அருகில் அமர்ந்து, 'நன்றாக உறங்கினாயா?' என்று கேளுங்கள். முதற்கேள்வியைக் கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கே உரியவை.